போடுங்க

மழை பிடிப்பதற்கு முன் மில்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார்கள். வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே தூறல் விழ ஆரம்பித்தது. பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும் ஐப்பசி வானம் வயல்களின்மேல் ஈரச் சாக்கைப் போல் இறங்கி, வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

செம்மொழி வண்டியின் பின்னால் உட்கார்ந்து கருவிப் பையை மடியில் அணைத்துக்கொண்டாள். சுடிதாருக்கு மேல் கணவனின் பழைய சட்டை. வேலைக்குப் போகும்போது அதுதான் அவளுக்கு உடுப்பு.

"காலைப் பாத்து வைங்க முதலாளி. சைலன்சர் சுடும்" என்றான் புகழேந்தி.

"போதும்ங்க. காலையிலேருந்து இதே பேச்சு."

"சரிங்க முதலாளி."

சண்டை என்று சொல்ல முடியாது. நீடாமங்கலத்தில் அவர்கள் கடைக்குப் புதுப் பலகை வைக்கப்போகிறார்கள். பழையதில் 'புகழேந்தி எலக்ட்ரிக்கல்ஸ்' என்று இருந்தது. இருவரும் ஒரே ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள், கடைக்கு வரும் மோட்டார்களில் பாதிக்கு மேல் காயில் கட்டுவது அவள் கை. "என் பேரையும் போடலாமா?" என்று காலையில் கேட்டாள். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நிமிடத்திலிருந்து வாங்க, போங்க, முதலாளி என்று மரியாதை கொடுத்துக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளை வா, போ என்று அழைத்தே பழகியவன். அந்த 'ங்க' ஒவ்வொன்றும் அவளுக்கு ஊசியாகத் தைத்தது.

மில் வாசலில் லியாகத் அலி குடையோடு நின்றிருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, மூடிக்கிடந்த இந்த அரிசி ஆலையைத் தை மாதம் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"வாங்க தம்பி. வா தங்கச்சி. ஊறல் தொட்டியில நெல்லு கெடக்கு. வெந்நி பம்ப் ஓட மாட்டேங்குது. தண்ணி சுத்தல. மேல கொதிக்குது, அடியில ஆறிப்போயிக் கெடக்கு. இப்படியே விட்டா பொழுதுக்குள்ள புளிச்சு நாத்தமெடுத்துடும்."

"ஓடவே இல்லியா, ஓடி நின்னுச்சா?" என்று கேட்டாள் செம்மொழி.

"உறுமுது. சுத்தல."

களத்தில் காய்ந்த நெல்லின்மேல் பெண்கள் தார்ப்பாய் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் அம்சம். பழைய முதலாளி காலத்திலிருந்தே இந்தக் களத்தில் நெல் துழாவுகிறவள். பையோடு உள்ளே போன செம்மொழியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எங்க நிக்கப்போற பாப்பா? சுவிச்சு போர்டுகிட்டயா?"

"ஆமாக்கா."

"அங்க நின்னுக்கிட்டுக் கத்திக் கேக்காத. எதுன்னாலும் கிட்டக்கப் போயி மூஞ்சியப் பாத்துக் கேளு."

தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் சிரித்தாள். "புருஷன் மூஞ்சியப் பாக்க அவளுக்கு நீ சொல்லிக் குடுக்கணுமாக்கும்."

"காலையிலேருந்து பாக்கவே மாட்டேங்கிறாங்கக்கா" என்றான் புகழேந்தி.

எல்லாரும் சிரித்தார்கள். அம்சம் மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் மூச்சு அடைத்தது. ஊறிய நெல்லின் புளித்த வாடை, உமிப் புகை, ஈரச் சுவரின் பாசி நெடி எல்லாம் சேர்ந்து தொண்டையில் படிந்தன. பாய்லருக்குக் காற்று ஊதும் ப்ளோயர் ஒரு மூலையில் ஓயாமல் இரைந்தது. தகரக் கூரையில் மழை பலத்தது. நான்கு ஊறல் தொட்டிகள் ஆள் உயரத்துக்கு மேல் வரிசையாக நின்றன. அவற்றின் வாயிலிருந்து எழுந்த ஆவி, கூரையை முட்டித் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கடைசித் தொட்டிக்குப் பின்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. பம்ப் அதற்குள் இருந்தது. சுவிட்ச் போர்டு நேர் எதிர்க்கோடியில், வாசலை ஒட்டி. இங்கே நிற்பவருக்கு அங்கே குழியில் இருப்பவரைப் பார்க்க முடியாது.

"எவன்ங்க இப்படி வச்சான்?" என்று முணுமுணுத்தாள் அவள்.

வேலை என்று வந்துவிட்டால் இருவரும் சண்டையை மறந்துவிடுவார்கள். புகழேந்தி பம்புக்கான மெயின் சுவிட்சை இறக்கினான். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். யார் கை மிஷினுக்குள் போகிறதோ அவர் பையில்தான் கட்டை இருக்க வேண்டும். இது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். அதற்குப் பிறகும் அவள் மீட்டரை முதலில் உயிருள்ள லைனில் வைத்துப் பார்த்தாள், முள் துள்ளியது. பம்புக்குப் போகும் கம்பிகளில் வைத்தாள், அசையவில்லை. மறுபடி உயிருள்ள லைனில் வைத்தாள்; துள்ளியது. மீட்டரே செத்துப்போயிருந்தால் உயிருள்ள கம்பியும் செத்ததாகத்தான் காட்டும். அதனால் மீட்டரை நம்புவதற்கு முன் அதையும் சோதிக்க வேண்டும்.

ஃபியூஸ் கட்டை ஒன்றில் கம்பி உருகியிருந்தது.

"ஒரு ஃபேஸ் போயிருக்கு. அதான் உறுமுது" என்றாள்.

"கம்பி எதுக்கு உருகுச்சுன்னு பாக்கணும்ல?"

குழாயின் இரண்டு பக்க வால்வையும் மூடி, தேங்கியிருந்த வெந்நீரை வடித்து, பம்ப் ஆறும்வரை காத்திருந்தார்கள். மோட்டாரின் கம்பிப் பெட்டியைத் திறந்து மூன்று காயில்களையும் அளந்தாள். மூன்றும் ஒரே அளவு. மெக்கரைச் சுழற்றி, காயிலிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்று பார்த்தாள், கசியவில்லை.

"மோட்டார்ல கோளாறு இல்ல. பம்புதான் எதையோ முழுங்கியிருக்கு."

மூடியைக் கழற்றியபோது உள்ளே சக்கரத்தைச் சுற்றிச் சணல் பின்னிக் கிடந்தது. நெல் மூட்டைச் சணல். வெந்நீரில் வெந்து கறுத்துக் கூந்தல்போல் இருந்தது. புகழேந்தி பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டான். மூடியை மாட்டி, ஃபியூஸுக்குப் புதுக் கம்பி கட்டி, கட்டைகளைச் செருகி, மெயினை ஏற்றி, இருவரும் போர்டருகே நின்று பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள்.

உறுமல். சுமை தாங்காமல் ஸ்டார்ட்டர் தானே கரண்டை வெட்டிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் கெடக்கு உள்ள" என்றான் புகழேந்தி.

லியாகத் அலி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, வாடை ஏறிக்கிட்டே இருக்கு."

"ஆயிடுச்சு பாய். ஒரு நிமிஷ வேலை."

புகழேந்தி மெயினை இறக்கினான். கட்டைகளின் பக்கம் கை போனது, பாதியில் நின்றது.

"நீ இங்கயே நில்லு. இத உருவி மாட்டி எதுக்கு நேரத்த வீணாக்கிக்கிட்டு."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"காவலுக்கு முதலாளியே நிக்கிறாங்க. அப்புறம் என்ன பயம்?"

சிரித்துக்கொண்டே ஆவிக்குள் போனான். முதலில் கால் மறைந்தது. பிறகு தோள். கடைசியில் சட்டையின் நீலமும் மறைந்தது.

அவள் போர்டருகே நின்றாள்.

மழை வலுத்தது. ப்ளோயர் இரைந்தது. தொட்டிகளில் எங்கோ ஒரு குமிழி எழும்பி 'ளப்' என்று உடைந்தது. ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. வெந்நீர் ஆவிதான், சூடாக இருந்திருக்க வேண்டும். ஆற்று மணலைப்போல் ஜில்லென்றிருந்தது.

ஸ்பேனர் இரும்பில் இடிக்கும் சத்தம் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. முடித்துவிட்டான்போல.

அம்சம் சொன்னது அவளுக்கு நினைவில் இல்லாமலில்லை. ஆனால் போர்டை விட்டு நகர்ந்தால் காவலுக்கு ஆளில்லாமல் போய்விடும். கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"என்னங்க, போடலாமா?"

மழை.

பிறகு கடைசித் தொட்டியின் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போடுங்க."

இன்னமும் இந்த 'ங்க'வை விடவில்லை பார், என்று நினைத்துக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது. மெயினை மேலே தள்ளினாள். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைப் பச்சைப் பொத்தானில் வைத்தாள்.

குரலில் ஏதோ கரகரப்பு. ஆவி தொண்டையில் இறங்கியிருக்கும்.

வம்புக்கிழுக்கத் தோன்றியது. காலையிலிருந்து நழுவிக்கொண்டே இருப்பவன், இப்போது நழுவ இடமில்லாத குழிக்குள் அல்லவா இருக்கிறான்?

"அப்ப கடை போர்டுல என் பேரையும் போடலாமா?"

"போடுங்க."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை லேசாக ஒத்துக்கொண்டுவிட்டானா? பொத்தானில் விரல் அழுந்தியது. இன்னும் ஒரு நெல்லளவு அழுத்தினால் போதும்.

"யார் பேரு முன்னாடி? உங்க பேரா, என் பேரா?"

"போடுங்க."

விரல் நின்றது.

அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

"என்னங்க?"

"போடுங்க."

"உங்க பேரா, என் பேரான்னு கேட்டேன்."

"போடுங்க. போடுங்க."

குரல் இப்போது கடைசித் தொட்டிக்குப் பின்னாலிருந்து வரவில்லை. மூன்றாவது தொட்டியருகே கேட்டது.

"போடுங்க."

இரண்டாவது தொட்டி.

ஊறிய நெல்லின் வாடைக்குள் இன்னொரு வாடை புகுந்தது. வெந்த தோலின் வாடை. அடுப்பங்கரையில் கை சுட்டுக்கொண்ட எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும்.

அவள் மெயினை இறக்கினாள். முதல் கட்டை கையிலிருந்து வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்து மூன்றையும் உருவி மார்போடு அணைத்துக்கொண்டாள். காதருகே, யாரோ தன் பக்கத்தில் தோளோடு தோளாக நிற்பதுபோல, ஈரமான மூச்சு ஒன்று பட்டது.

"போடுங்க."

ஆவியைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். தொட்டிகளில் தோள் இடித்தது. குழியின் விளிம்பில் மண்டியிட்டு விழுந்தாள்.

புகழேந்தி உள்ளே குனிந்திருந்தான். வலது கை முழங்கைவரை பம்புக்குள் போயிருந்தது. கண்ணை மூடி, விரலால் துழாவிக்கொண்டிருந்தான்.

"நீங்க... நீங்க போடச் சொன்னீங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு? நான் வாயத் தொறக்கவே இல்லியே. நீதான் ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு. மழையில ஒண்ணும் விளங்கல."

அவள் கையிலிருந்த கட்டைகளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மெல்லக் கையைப் பம்பிலிருந்து உருவினான். விரல்களில் கறுத்த சணல் சுற்றியிருந்தது.

"மெயினப் போட்டியா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் தலையாட்டினாள்.

சணல் முழுதும் வந்துவிட்டிருந்தது. கட்டைகளைத் தன் பையில் போட்டுக்கொண்டு மூடியை முறுக்கி, வால்வுகளையும் அவனே திறந்துவிட்டான். இருவரும் கைகோத்துப் போர்டுவரை வந்தார்கள். அவன் கட்டைகளைச் செருகி மெயினை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றபிறகுதான் அவள் பொத்தானை அழுத்தினாள். பம்ப் தடங்கலில்லாமல் சுற்றியது. குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம் கேட்டது. லியாகத் அலி தொட்டியின் அடிக்குழாயைத் தொட்டுப் பார்த்து, "சூடு ஏறுது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு அவர்கள் முகத்தைக் கவனித்து, "ஏன் தம்பி, என்னாச்சு?" என்றார்.

களத்து ஓரக் கொட்டகையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். செம்மொழி சொல்லச் சொல்ல, அம்சம் தலையைக் குனிந்து புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செல்லதுரை அண்ணன்" என்றாள் கடைசியில். "பழைய முதலாளி இருந்தப்ப. அன்னிக்கும் சணல்தான் மாட்டிக்கிச்சு. அண்ணன் குழிக்குள்ள எறங்கியிருந்தாரு. போர்டுகிட்ட முதலாளியே நின்னாரு. போடலாமான்னு கேட்டாரு. போட்டுட்டாரு. கையும் போச்சு, வெந்நிக் குழாயும் வெடிச்சிடுச்சு."

"அவரு போடுங்கன்னாரா?" என்றார் லியாகத் அலி.

"முதலாளி அப்படித்தான் சொன்னாரு. போலீசுலயும் அப்படித்தான் சொன்னாரு. அவரு பொய் சொல்லல. அவரு காதுல அப்படித்தான் விழுந்துச்சு." அம்சம் நிமிர்ந்தாள். "நான் அன்னிக்கி அந்தத் தொட்டிகிட்டதான் கூட்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு முழுசா கேட்டுச்சு. போடாதீங்கன்னுதான் கத்துனாரு."

அவள் மில் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நடுவுல இருந்தத ப்ளோயரு சத்தம் தின்னுடுச்சு. முதலாளிய வாடா போடான்னு சொல்ல முடியுமா? போடாதன்னு வெட்டுனாப்புல சொல்லியிருந்தாலும் தப்பிச்சிருப்பாரோ என்னமோ. மரியாதையாச் சொன்னாரு."

"அப்ப என்கிட்ட..." என்றாள் செம்மொழி.

"உன்கிட்டயும் அதத்தான் சொன்னாரு பாப்பா. அங்க நிக்கிறவங்களுக்குத்தான் பாதி கேக்கும்."

புகழேந்தி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். அன்றிலிருந்து அவளை அவன் 'ங்க' போட்டுக் கேலி பண்ணவில்லை. லியாகத் அலி அந்த வாரமே போர்டைப் பிடுங்கிக் குழிக்கு நேரே, கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னார்.

தீபாவளிக்கு முன்பு ஒரு மத்தியானம். நீடாமங்கலத்தில் கரண்ட் போயிருந்தது. திரும்பி வரும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறும் என்று, கடை மெயினை இறக்கிவைப்பது அவர்கள் வழக்கம். செம்மொழி முன்பக்கம் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். புகழேந்தி பின்கட்டில் இருந்தான். கொஞ்சம் முன்பு ஏதோ பாட்டை முனகியது கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எதிர் டீக்கடையில் மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. அவள் எழுந்து மெயினருகே போகவும், கைப்பேசி அடித்தது. பலகை எழுதும் கடையிலிருந்து. ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கை மெயினின் பிடியில்.

"அக்கா, டிசைன் ரெடி. புகழேந்தி செம்மொழி எலக்ட்ரிக்கல்ஸ். ரெண்டு பேரும் ஒரே சைஸ். போடலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பையன், "சரிக்கா, பிரிண்டு போட்டுர்றேன்" என்றான்.

"நான் ஒண்ணுமே சொல்லலியேப்பா."

"அண்ணன் சொன்னாருல்ல. பின்னாடியிருந்து போடுங்கன்னு சத்தமா சொன்னாரே."

அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. கடையில் டீக்கடை விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் அந்த வாடை வந்தது. ஊறிய நெல்லின் புளிப்பு.

மெயினின் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பின்கட்டுத் திரையை விலக்கினாள். சோதனை மேஜையின் பலகையைக் கழற்றிப்போட்டு, புகழேந்தி இரண்டு கையாலும் தோல் உரித்த செப்புக் கம்பிகளைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

அவன் உதடுகள் மேஜையின் திருகாணிகள் நான்கையும் கவ்வியிருந்தன.